முதற் பந்தயத்திற்கு ஆயத்தமாதல்

தேகாப்பியாசத்தின் நன்மைகளை எடுத்தோதுதல் இக்கட்டுரையின் நோக்கமன்று. அவற்றை நம் மாணவர் நன்கறிவர். ஓடுதல், சுமத்தல், தள்ளுதல், இழுத்தல் முதலிய அன்றாடச் செயல்களிற் பயன்படும் வலிமையையே அளந்தறியும் போட்டிகள் இந்நாளிற் பல தேசங்களில் நிகழ்கின்றன. அவற்றுள் ஒன்றிற்கு முதன்முறை பெயர் கொடுத்தோர் எங்ஙனம் ஆயத்தமாதல் வேண்டும் என்பதையே ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

எடுத்துக்காட்டாக ஹைராக்ஸ் என்னும் போட்டியைக் கொள்வோம். இது 2017-ல் ஜெர்மனியில் தோன்றியது. இதனைத் தோற்றுவித்த இருவருள் ஒருவராகிய மொரிட்ஸ் ஃபூர்ஸ்டே என்பவர், 2008, 2012 ஆகிய இரண்டு ஒலிம்பிக் பந்தயங்களிலும் ஹாக்கியில் தங்கம் வென்ற ஜெர்மானிய அணியைச் சார்ந்தவர். 2025-ல் மும்பை நகரிலும் இப்போட்டி நடைபெற்றது. இதன் முறை எங்கும் ஒன்றே. 1 கிலோமீட்டர் ஓடி ஒரு வேலையைச் செய்தல் வேண்டும். மீண்டும் 1 கிலோமீட்டர் ஓடி அடுத்த வேலை. இவ்வாறு எட்டு முறை. வேலைகளாவன: பனிச்சறுக்குவோர் கைவீச்சைப் போலக் கயிறுகளைக் கீழ்நோக்கி இழுக்கும் யந்திரத்தில் 1000 மீட்டர்; பாரமேற்றிய சறுக்கு வண்டியை 50 மீட்டர் தள்ளுதல்; அத்தகைய வண்டியைக் கயிற்றால் 50 மீட்டர் இழுத்தல்; மார்பு தரையிற் படப் படுத்தெழுந்து முன்னோக்கித் தாவித் தாவி 80 மீட்டர் செல்லுதல்; துடுப்பு யந்திரத்தில் 1000 மீட்டர்; இரு கைகளிலும் குண்டு தூக்கி 200 மீட்டர் நடத்தல்; மணல்மூட்டையைத் தோளிலேற்றி, அடிதோறும் பின்முழங்கால் நிலந்தொட 100 மீட்டர் செல்லுதல்; ஈற்றில், குந்தியெழுந்து சுவரின் உயரத்திலுள்ள குறியிற் பந்தெறிதல். ஆடவர் பொதுப்பிரிவில் தள்ளும் வண்டி 152 கிலோ. கைக்குண்டு ஒவ்வொன்றும் 24 கிலோ. பந்து 6 கிலோ. எறிதல் 100 முறை. பெண்டிர்க்குப் பாரங்கள் குறைவு.

இதனைக் கேட்ட மாத்திரத்தே புதியவர் அஞ்சுவது 152 கிலோவையே. ஆதலின் நாடோறும் பாரந்தூக்கிப் பழகி, ஓட்டத்தைப் பொருட்படுத்தாது விடுகின்றனர். இது தவறான கணக்கு. எட்டு கிலோமீட்டர் ஓட்டமே பெரும்பாலார்க்கு மொத்த நேரத்திற் பாதியளவைக் கொள்ளுகின்றது. அவ்வோட்டமோ, வண்டி தள்ளித் தளர்ந்த தொடைகளோடு ஓடவேண்டிய ஓட்டம். மைதானத்திற் புத்துணர்ச்சியோடு ஓடுவதற்கும் இதற்கும் வேற்றுமை பெரிது.

முதலிரண்டு கிலோமீட்டரையும் கூட்டத்தின் ஆரவாரத்தில் விரைந்தோடுவோர்க்கு நேர்வது யாது? தசைகளுக்கு வேண்டிய சக்தியைப் பிராணவாயுவின் துணைகொண்டு மாத்திரம் அவ்வளவு விரைவாகப் பெறுதல் இயலாது. எனவே தசைகளிற் சேமித்துள்ள சர்க்கரைப் பொருள் அவ்வாயுவின்றியே மிகுதியாகச் சிதைகின்றது. அச்சேமிப்போ அளவுடையது. மூச்சு முட்டுகின்றது, கால்கள் கனக்கின்றன, பின்வரும் ஆறு வேலைகளும் இரு மடங்கு பாரமாகத் தோன்றுகின்றன. பந்தயத்தில் ஓடுவோனைக் குறித்துக் கொரிந்தியர்க்கு எழுதிய பவுல் அப்போஸ்தலர், அவனுடைய அடக்கத்தையே எடுத்துக் கூறியது ஈண்டு நினைக்கத்தக்கது.

ஆகவே பன்னிரண்டு வாரமேனும் முன்னதாகத் தொடங்குக. எட்டு கிலோமீட்டர் நில்லாது ஓட இயலாதவர் அதனையே முதலிற் பழகுக. அவ்வோட்டத்தின் பெரும்பகுதி, உடன் ஓடுவோரோடு பேசக்கூடிய வேகத்தில் இருத்தல் போதும். பின்னர், வாரத்தில் ஒருநாள், 1 கிலோமீட்டர் ஓட்டமும் ஒரு வேலையுமாக நான்கு முறை மாற்றி மாற்றிச் செய்க. நான்காம் ஓட்டம் முதலாவதினும் மிகத் தாழ்ந்திருப்பின், தொடக்கம் விரைவென்று அறிந்துகொள்ளலாம். பந்தெறிதலைக் களைத்த பின்னரே பழகுதல் நலம். இடுப்பு முழங்காலினுங் கீழே தாழாவிடினும், பந்து குறியை எட்டாவிடினும், நடுவர் அவ்வெறிதலை எண்ணார். களைத்தவனுக்கு எண்ணப்படாத எறிதலினுங் கொடிய துன்பம் வேறில்லை.

ஓர் எச்சரிக்கை. பழகாத தேகத்தை ஒரே நாளில் அளவுகடந்து வருத்துதல், வெயிலில் வருத்துதல் சிறப்பாக, தசைகளைச் சிதைத்துச் சிறுநீரகத்திற்குக் கேடு விளைக்கவும் கூடும். மறுநாள் உண்டாகும் சாதாரண நோவுக்கு அஞ்சவேண்டுவதில்லை. ஆனால் தசை வீங்கிப் பொறுக்கலாகாத நோவு உண்டாயினும், சிறுநீர் தேயிலைச் சாயம்போற் கறுத்தாலும், அக்கணமே வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும். இதில் வீரம் பாராட்டுதல் உயிர்க்கே இடையூறாம்.

கடைசி வாரத்திற் பயிற்சியின் அளவைப் பாதியாகக் குறைத்துவிடலாம். அந்நாட்களிற் கூட்டும் உழைப்பு வலிமையாக மாறுதற்குக் காலமில்லை. முந்தின இரவு பழகிய சோறும், பந்தயத்திற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன் எளிதிற் செரிக்கும் சிற்றுண்டியும் போதும். புதுப் பாதரட்சை அன்று வேண்டா. தனியே நிற்கத் துணியாதவர்க்கு இருவர் சேர்ந்து பங்குகொள்ளும் பிரிவும் உண்டு. அதில் ஓட்டம் முழுவதும் இருவரும் உடன் ஓடவேண்டும், வேலைகளை மாத்திரம் தம்முட் பகிர்ந்துகொள்ளலாம். முதன்முறை செல்வோர்க்கு அப்பிரிவே தக்கதென்பது எம் கருத்து.