சோபாவுக்கும் வாடகை!

கல்யாணம் நிச்சயமானதும் நம்ம ஆட்கள் முதலில் ஓடுவது ஃபர்னிச்சர் கடைக்குத்தான். கொஞ்சம் பொறுங்க சார்! அடியேன் பி.காம். கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

மேற்கு மாம்பலத்தில் 300 சதுர அடி போர்ஷன், வாடகை 9,000 ரூபாய் என்று வையுங்கள். சதுர அடிக்கு 30 ரூபாய். ஆறுக்கு நாலு கட்டில் அடைக்கிற இடத்துக்கு மட்டும் மாதம் 720! போகட்டும், அதில் தூங்கவாவது தூங்குகிறோம். அடியில் டிராயர் வைத்த கட்டிலென்றால் பாதி பீரோ மிச்சம். ஆனால் ஆறுக்கு இரண்டரை சோபா? மாதம் 450 ரூபாய் வாடகையில், துவைத்த துணிதான் அதில் ஜாலியாகக் குடியிருக்கும். நாலு மடக்கு நாற்காலி, ஒரு கோரைப்பாய் போதும்.

மிச்சக் காசை வெளிச்சத்தில் போடுங்கள். சமையலறையில் விளக்கு முதுகுக்குப் பின்னால் இருந்தால், நறுக்குகிறவர் நிழல் கத்தி மேலேயே விழும். லேடீஸ் ஃபிங்கர் நறுக்கும்போது நிஜமாகவே... வேண்டாம் சார்! மேடைக்கு மேல் ஷெல்ஃப் அடியில் ஒரு 9 வாட் எல்.இ.டி. மாட்டுங்கள். பழைய 60 வாட் குண்டு பல்பின் வெளிச்சம் வரும். தினம் ஐந்து மணி நேரம் எரிந்தாலும் மாதம் ஒன்றரை யூனிட்டைத் தாண்டாது. குண்டு பல்பு 9 யூனிட் விழுங்கும். ஃபேன் இறக்கைக்கு மேலே மட்டும் பல்பு வேண்டாம், அறையே கண் சிமிட்டும்!

ஊரிலிருந்து வரும் அப்பா பேப்பரோடு ஜன்னலோரம் போவது காற்று வாங்க இல்லை. அறுபது வயதுக் கண்ணின் உள்ளே போய்ச் சேரும் வெளிச்சம், இருபது வயதுக் கண்ணில் சேர்வதில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். கேட்டால், 'எனக்கெதுக்குப்பா தனி லைட்டு?' என்பார். கேட்காமல், அவர் நாற்காலிக்குப் பின்னால் தோள் உயரத்துக்கு மேல் ஒன்று மாட்டிவிடுங்கள்.