நால்விரல் அணி: வான்போரில் பார்வையின் பங்கு

1940-ஆம் ஆண்டுக் கோடையில் பிரிட்டன் வான்பரப்பில் மோதிய ஸ்பிட்ஃபயர், மெஸ்ஸர்ஷ்மிட் 109 ஆகிய போர் விமானங்கள் வேகத்தில் ஏறக்குறைய நிகரானவை. அவற்றின் விமானிகள் பயின்றிருந்த அணிமுறைகளோ முற்றிலும் வேறானவை. பிரிட்டிஷ் விமானங்கள் மும்மூன்றாக, தலைவர் முன்னும் இருவர் அவருக்குப் பின் இருபுறமும் அமைய, மிக நெருங்கிப் பறந்தன. மோதலைத் தவிர்க்கப் பின்னவர் இருவரும் தலைவரின் விமானத்தின் மீதே பார்வையைப் பதித்திருக்க வேண்டியிருந்ததால், பகைவரைத் தேடும் பொறுப்பு பெரும்பாலும் தலைவர் ஒருவரிடமே எஞ்சியது. ஜெர்மன் குண்டுவீச்சு விமானங்கள் காவலின்றி வரும் என்ற கணிப்பில் வகுக்கப்பட்ட இம்முறை, 1940 ஜூனில் பிரான்ஸ் வீழ்ந்து, எதிரியின் போர் விமானங்கள் ஆங்கிலக் கால்வாயின் மறுகரைக்கே வந்து சேர்ந்ததும் பொருந்தாமற்போனது; அதைக் கைவிடத் தயங்கிய காலத்தில் பல இளம் விமானிகள் தம்மைச் சுட்டவரைக் காணாமலே மாண்டனர்.

நெருங்கிய அணியின் இக்குறையை ஜெர்மானியர் ஸ்பெயின் உள்நாட்டுப் போரிலேயே உணர்ந்திருந்தனர். அங்கு 1938-இல் வெர்னர் மோல்டர்ஸ் செம்மைப்படுத்திய முறையில், முன்னவர் தாக்க மற்றவர் அவருடைய பின்புறத்தைக் காக்கும் இணையே அடிப்படை அலகு. இத்தகைய இரண்டு இணைகள், நீட்டிய கையின் நான்கு விரல் நுனிகளைப் போல முன்பின்னாகப் பரவிப் பறப்பதே நால்விரல் அணி. விமானங்களுக்கிடையே ஏறத்தாழ 200 மீட்டர் இடைவெளி இருந்தமையால், மோதல் அச்சமின்றி நால்வரும் வானத்தைத் துழாவவும், ஒருவர் காணவியலாத வால்பகுதியை மற்றவர் கண்காணிக்கவும் முடிந்தது. இவ்வளவு அகன்ற அணி திரும்புகையில் வெளிப்புறத்தார் பின்தங்கக்கூடும் என்பதால், ஒவ்வொருவரும் ஒரே அளவான வளைவில் திரும்பித் தம்முள் பக்கம் மாறிக்கொண்டனர். எளிய இந்த ஏற்பாடே அணி முழுவதும் வேகம் குன்றாமல் திரும்ப வழிசெய்தது. 1941-இல் பிரிட்டிஷ் விமானி டக்ளஸ் பேடரின் படைப்பிரிவு இதனை மேற்கொள்ள, பிரிட்டிஷ் படையிலும் இம்முறை பரவியது.

உயரத்திலிருந்து, சூரியனை முதுகுப்புறம் கொண்டு பாயும் தாக்குதல் முறை 1916-இல் ஜெர்மன் விமானி ஓஸ்வால்ட் போல்க்கே வகுத்த விதிகளிலேயே இடம்பெற்றுள்ளது. ஆனால் உயரம் ஏறுவதிலும் திரும்புவதிலும் எதிரியே மேம்பட்டிருந்தால் என்ன செய்வது? ஜப்பானின் ஜீரோ விமானத்தைப் பற்றி 1941-இல் அறிந்த அமெரிக்கக் கடற்படை விமானி ஜான் தாச், மேசையில் தீக்குச்சிகளை நகர்த்தி நகர்த்தி இதற்கு விடை தேடினார். அவர் கண்ட முறையில் இரண்டு இணைகள் இடைவெளி விட்டு அருகருகே பறக்கும். ஓர் இணையை எதிரி துரத்தியதும் இரண்டும் ஒன்றையொன்று நோக்கித் திரும்பும். துரத்துபவர் விடாது பின்தொடர்ந்தால் மற்ற இணையின் துப்பாக்கிகளுக்கு நேர் முன்னே வந்து சிக்குவார். 1942 ஜூன் 4 அன்று மிட்வே போரில் தாச் இதனைக் கையாண்டபோது, எண்ணிக்கையில் பெரிதும் மிகுந்த ஜீரோக்களிடையே அவருடைய ஆறு வைல்ட்கேட் விமானங்களுள் ஒன்றே வீழ்த்தப்பட்டது. எனினும் அவை காக்கச் சென்ற டார்பிடோ விமானங்களுள் பெரும்பாலானவற்றைக் காக்க இயலவில்லை.