நீரால் எழுதி நெருப்பில் காணும் சித்திரம்

ஓவியன் என்றதும் வர்ணப் பெட்டியும் தூரிகையும் நம் மனக்கண்முன் தோன்றும். ஆனால் தாம் இடும் நிறத்தை இடும்போது காணாமலே எழுதும் ஓவியரும் நம் நாட்டில் உளர். அவர்கள் எழுதுவது நெசவாளி நெய்த பருத்தித் துணியில். அவர்களது சாயமோ நிலத்தில் விளைவது. ஆதலின், நெய்வோரும் விளைவிப்போருமாகிய நம் அங்கத்தினர்கள் அத்தொழிலை அறிந்துகொள்ளுதல் நலம்.

ஆந்திர மாநிலத்தில், சுவர்ணமுகி ஆற்றங்கரையில் உள்ள திருக்காளத்தி கலம்காரி ஓவியத்திற்குப் பேர்பெற்ற ஊர். ‘கலம்’ என்பது எழுதுகோல். மூங்கில் குச்சியின் முனையைக் கூராக்கி, சற்று மேலே கம்பளித் துணியைச் சுற்றி நூலால் கட்டுவர். சாயத்தில் தோய்ந்த அத்துணியை விரலால் அழுத்த, சாயம் முனைக்கு இறங்கும்.

முதலில் துணியின் கஞ்சி முற்றிலும் நீங்க வேண்டும். பின்னர், கடுக்காய்ப் பொடி கலந்த எருமைப்பாலில் அதை ஊறவைத்து உலர்த்துவர். பாலின் கொழுப்பு சாயம் பரவாமல் தடுக்கும். புளியங்கரியால் உருவத்தை வரைந்தபின், வெல்லமும் இரும்புத் துண்டுகளும் நீரில் இரண்டு மூன்று வாரம் புளித்த கலவையால் கோடு இழுப்பர். இரும்பும் கடுக்காயின் துவர்ப்பும் சேர்ந்ததும் கோடு கறுக்கும். அதன்பின் அதை அழிக்க இயலாது.

சிவப்போ இன்னும் வியப்புக்குரியது. சிவப்பு வேண்டிய இடத்தில் ஓவியர் இடுவது படிகார நீரே. அது உலர்ந்தபின் ஓடும் நீரில் அலசி, சாயவேர், மஞ்சிட்டி முதலியவற்றுடன் கொதிக்கவைப்பர். படிகாரம் பட்ட இடமே சிவப்பை உறுதியாகப் பற்றிக்கொள்ளும். கை தவறியிருந்தால், அந்தத் தவறும் கொப்பரையிலேதான் வெளிப்படும்!

நீலம் அவுரியால் வருவது; நீலத்தின்மேல் மஞ்சள் ஏறினால் பச்சை. இவ்வாறு துணி ஏற்கும் நிறங்கள் சிலவே. ஆகவே ஒவ்வொரு நிறமும் ஒரு பொருளைச் சுமக்கிறது. பெரும்பாலும் திருமாலுக்கும் இராமனுக்கும் நீலம், அணிகலனுக்கு மஞ்சள், அரக்கருக்குச் சிவப்பு. எழுத்தறியாதவரும் நிறங்கண்டு கதையை உணர்வர்.

நலிந்திருந்த இக்கலைக்கு 1957-இல் திருக்காளத்தியில் பயிற்சி நிலையம் ஏற்பட்டது. கமலாதேவி சட்டோபாத்தியாயரின் முயற்சி அதற்குத் துணைநின்றது. அவ்வூர்க் கலைஞர் ஜொன்னலகட்ட குரப்ப செட்டி 2008-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். தமிழகத்தின் கருப்பூர் கலம்காரிக்கும் 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

எனினும் இடர் தீரவில்லை. கலம்காரிச் சித்திரங்களை ஆலைத்துணியில் அச்சிட்டு அதே பெயரில் குறைந்த விலைக்கு விற்கின்றனர். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் தோன்றலாம். ஆனால் அச்சுத்துணி ஒன்று விலைபோகும்போது, ஓவியரோடு கைத்தறி நெசவாளியும் அவுரி பயிரிடுவோனும் கூலி இழக்கின்றனர்.

கஞ்சி சரியாக நீங்காத துணியும், கலப்படமான சாயமும் மாதக்கணக்கான உழைப்பை ஒரே கொதியில் பாழாக்கிவிடும். ஓவியரது பெயர் நம் கைகளிலும் இருக்கிறது. இழையிலும் விளைச்சலிலும் நாணயம் காப்போமாக. வாங்கும்போது கைவேலையைக் கேட்டு வாங்குவோமாக. அதுவே கூட்டுறவுக்கு அழகு.