விளையாட்டுத் தொலைபேசியும் பிள்ளையின் எண்ணும்

மடுத் திருவிழாக் கடைகளிலும் வற்றாப்பளைப் பொங்கல் கடைகளிலும் பிள்ளைகள் அழுது வாங்கும் சாமான்களுள் விளையாட்டுத் தொலைபேசியும் ஒன்று. அழுத்தினால் பாட்டுப் பாடும், வெளிச்சம் மின்னும், 'வன், ரூ, திறீ' என்று ஆங்கிலத்தில் சொல்லும். பிள்ளை எண்ணப் பழகும் என்று நம்பியே கூலிக் காசில் மிச்சம் பிடித்துத் தாய்மார் அதை வாங்குகின்றனர். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து தம் படிப்பை இடையில் விட்ட பெற்றோருக்குப் பிள்ளையாவது பின்தங்கக் கூடாது என்ற ஏக்கம் உண்டு. ஆகவே அந்தத் தொலைபேசி எதைக் கற்பிக்கின்றது, எதைக் கற்பிக்கவில்லை என்று சற்றுப் பார்ப்போம்.

விளையாட்டு எமக்குப் புதிதல்ல. போர்க்காலத்தில் உண்மைத் தொலைபேசியைக் கண்ணால் காணாத வன்னிப் பிள்ளைகளும் இரண்டு நெருப்புப்பெட்டிகளையோ பால்பேணிகளையோ நூலால் தொடுத்து 'அலோ' சொல்லி விளையாடினார்கள். நூலைத் தளர விடாமல் இழுத்துப் பிடித்தால் குரல் மெய்யாகவே மறுபக்கம் போகும். பேணியின் அடித்தட்டு அதிர, அந்த அதிர்வு நூல்வழியே ஓடுகின்றது. அமெரிக்காவில் பிஷர் பிறைஸ் கம்பனி 1961 இல் சில்லுப் பூட்டிய, கயிற்றில் இழுத்துச் செல்லும் தொலைபேசி ஒன்றைச் செய்தது. அதில் விரல்விட்டுச் சுழற்றும் வட்டில் இலக்கங்கள் இருந்தன. தொலைபேசியால் இலக்கம் பழக்கலாம் என்ற எண்ணம் அவ்வளவு பழையது.

ஆனால் இலக்கம் வேறு, எண்ணிக்கை வேறு. தொலைபேசியில் 7 என்ற பொத்தானை அழுத்தினால் ஏழு பொருள் எதுவும் வருவதில்லை. அந்த 7 வெறும் அடையாளம். இரண்டரை வயதுப் பிள்ளை 'ஒண்டு, ரெண்டு, மூண்டு' என்று பத்துவரை ஒப்புவிக்கும். நாமும் மகிழ்ந்துபோவோம். அதே பிள்ளையிடம் "மூண்டு புளியங்கொட்டை தா" என்று கேட்டால் ஒரு கைப்பிடி அள்ளித் தரும். அமெரிக்க உளவியலாளர் கரன் வின் 1990 இல் வெளியிட்ட ஆய்வில் இதையே காட்டினார். பிள்ளை முதலில் 'ஒன்று' என்றால் என்ன என்பதை விளங்குகின்றது. சில மாதங்கள் சென்று இரண்டு, பின்னர் மூன்று. எண்ணி முடிக்கும்போது சொல்லும் கடைசிச் சொல்தான் மொத்தத் தொகை என்பது பெரும்பாலும் மூன்றரை வயதளவில்தான் பிடிபடுகின்றது. இதில் அவசரப்படுத்தவும் முடியாது, அடிக்கவும் கூடாது.

பேசும் பொம்மைகளைப் பற்றி இன்னொரு ஆய்வு எமக்கு மிகவும் வேண்டியது. அரிசோனாவில் அனா சோசா என்பவர் 10 முதல் 16 மாதம் வரையான 26 குழந்தைகளையும் அவர்களது பெற்றோரையும் வீட்டிலேயே விளையாட விட்டு, பேச்சைப் பதிவு செய்தார். மின்கலத்தில் இயங்கும் பொம்மைகளுள் குழந்தைத் தொலைபேசியும் இருந்தது. 2015 இறுதியில் வெளியான முடிவு இது: அத்தகைய பொம்மையோடு இருக்கையில் பெற்றோர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 40 சொற்கள் பேசினர், சாதாரண விளையாட்டுச் சாமானோடு 56, படப் புத்தகத்தோடு 67. பொம்மை பேசத் தொடங்க, தாய் வாயை மூடிக்கொள்கின்றாள். பிள்ளை மொழி பழகுவதோ தாயின் வாயிலிருந்து. காசு கொடுத்து வாங்கிய பொருள் கையிலிருந்த பொருளைப் பறிக்கின்றது என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆகவே பேசாத தொலைபேசி ஒன்றை வீட்டில் செய்துகொள்ளுங்கள். உள்ளங்கை நீளத்துக்குப் பனைமட்டைத் துண்டு ஒன்று போதும். கைபேசியின் அளவு அதிலேயே இருக்கின்றது. இரு ஓரத்துக் கருக்கையும் நன்றாகச் சீவி எடுத்துத் தேய்க்க வேண்டும். மட்டை கிடைக்காவிட்டால் தேய்ந்த றப்பர்ச் செருப்பை வெட்டிக் கழுவி எடுக்கலாம். சூடாக்கிய கம்பியால் இலக்கங்களைச் சுட்டு எழுதினால் அழியாது (இது பெரியவர் வேலை). மேல் வரியில் 1, 2, 3. அடுத்து 4, 5, 6. பின் 7, 8, 9. அடியில் நடுவே 0. கடையிலுள்ள கணிப்பானில் 7, 8, 9 மேலே இருக்கும். அதைப் பார்த்து எழுத வேண்டாம். ஒவ்வொரு இலக்கத்தின் கீழும் அத்தனை புள்ளி வையுங்கள். 0 இன் கீழ் ஒன்றும் வேண்டாம். ஒன்பதுக்குப் பிறகு வருவதால் பிள்ளை அதைப் 'பத்து' என்று சொல்லும். "இதிலை புள்ளி இல்லை, ஒண்டும் இல்லை" என்று காட்டினால் போதும்.

இனி விளையாட்டு. சமைத்துக்கொண்டோ கச்சான் உடைத்துக்கொண்டோ இதை நடத்தலாம்.

"அலோ, ஆர் கதைக்கிறது?"

"நான்தான்."

"நான் அம்மம்மா கதைக்கிறன் ராசாத்தி. எனக்கு மூண்டு தேங்காய் வேணும். மூண்டை அமத்து பாப்பம்."

பிள்ளை 3 ஐ அழுத்தும். பின்னர் மூன்று சிரட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து வைக்க வேண்டும். ஒரு சிரட்டைக்கு ஒரு சொல். தொட்டதைத் திரும்பத் தொடக் கூடாது. வைத்து முடிந்ததும் "எல்லாமா எத்தினை?" என்று கேளுங்கள். மறுபடி ஒண்டிலிருந்து எண்ணினால் எண்ணட்டும். ஒருநாள் எண்ணாமலே 'மூண்டு' என்று பதில் வரும். அன்றுவரை நாலுக்கு மேல் போக வேண்டாம். கூலிக்குப் போகும் நாட்களில் அம்மம்மாவோ அப்பப்பாவோ அழைப்பை எடுக்கலாம். அவர்களுக்கு இதற்குப் படிப்புத் தேவையில்லை. எண்களையும் தமிழிலேயே சொல்லுங்கள். பதினொன்று, பன்னிரண்டு என்னும்போது பத்தும் மிச்சமும் பெயரிலேயே கேட்கின்றன. ஆங்கிலத்தின் 'இலவன், ருவெல்வ்' அப்படிக் காட்டிக் கொடுப்பதில்லை.

மூன்று வயதுக்குக் கீழே புளியங்கொட்டை, சோளம், கச்சான் வேண்டாம், தொண்டையில் சிக்கும். சிரட்டை, பனங்கொட்டை போன்ற பெரிய பொருள் நல்லது. குன்றிமணியை எந்த வயதிலும் கொடுக்க வேண்டாம். அழகான விதைதான், ஆனால் கடித்து விழுங்கினால் உயிராபத்து. ஏற்கனவே கடைத் தொலைபேசி வாங்கியிருந்தால் மின்கல மூடி திருகாணியால் இறுக்கப்பட்டிருக்கின்றதா என்று இன்றே பாருங்கள். காசு வடிவ மின்கலத்தை விழுங்கினால் இரண்டு மணித்தியாலத்துள் உணவுக்குழாய் வெந்துவிடக்கூடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே ஆசுபத்திரிக்குக் கொண்டு ஓட வேண்டும். அழுகையை அடக்க உண்மையான கைபேசியைக் கொடுப்பதும் நல்லதல்ல. இரண்டு வயதாகும் முன் திரையே வேண்டாம், அதன்பின் ஐந்து வயதுவரை நாளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019 இல் கூறியது.

நாலரை, ஐந்து வயதில் பனைமட்டைத் தொலைபேசிக்கு இன்னொரு வேலை இருக்கின்றது. 1995 இலும் 2009 இலும் வழியில் கைதவறிய பிள்ளைகளின் கதை எங்களுள் பலருக்குத் தெரியும். இன்றும் சந்தையிலும் திருவிழாவிலும் பிள்ளை தவறுவதுண்டு. தாயின் தொலைபேசி இலக்கம் பத்தையும் மூன்று, மூன்று, நாலாகப் பிரித்து, மட்டையில் அழுத்தி அழுத்திப் பாட்டுப்போலச் சொல்லப் பழக்குங்கள். கூடவே தன் முழுப் பெயரையும் ஊர்ப் பெயரையும் பழக வேண்டும். கொட்டிலை மாற்றினாலும் கைபேசி அட்டையை மாற்றினாலும் புது இலக்கத்தை அன்றைக்கே தொடங்குங்கள். அம்புலன்ஸ் வண்டிக்கு 1990 என்பது நாலு இலக்கந்தான், அதையும் சேர்க்கலாம். கைபேசியைத் திறக்கப் பிள்ளைக்குத் தெரியாவிட்டாலும், பக்கத்திலிருக்கும் பெரியவரிடம் இலக்கத்தைச் சொல்லத் தெரிந்தால் போதும்.