காய்ச்சலோடு வயிறும் கெட்டால்

நம் வீடுகளில் மலத்தில் ரத்தம் வந்தால் முதலில் சொல்லும் பெயர் மூலம். மாதக்கணக்கில் மூலத்துக்கு மருந்து சாப்பிட்டு, கடைசியில் கேமரா விட்டுப் பார்க்கும்போதுதான் சிலருக்குக் குடல் அழற்சி நோய் என்று தெரியவருகிறது. பெருங்குடல் புண், குரோன் நோய் என இதில் இரண்டு முக்கிய வகை. மலேசியாவின் பேராக் மாநிலத்துக் கிந்தா பள்ளத்தாக்கில் நடந்த ஆய்வில், மலாய்க்காரர், சீனரைவிட இந்தியருக்கே இது அதிகம் வருவது தெரிந்தது. மலாக்காவின் சுங்கை ரம்பாய்த் தமிழர்களுக்கும் இது தூரத்துச் செய்தி அல்ல.

நோயா, கிருமியா?

இந்த நோய் உள்ளவருக்குக் காய்ச்சலோடு வயிறும் கெட்டால், பழைய நோய் கிளம்பியதா, புதுக் கிருமியா என்ற குழப்பம் வரும். கோவிட் கிருமி பற்றிக்கொண்டு உள்ளே நுழையும் ஏசிஇ2 புரதம் சிறுகுடலின் உட்சுவரிலும் நிறைய உண்டு. அதனால்தான் சிலருக்கு இருமலுக்கு முன்பே பசி போகிறது, குமட்டுகிறது, வயிற்றால் போகிறது. டிங்கியிலும் வாந்தி, வயிற்றுவலி வரும்.

கிருமியால் வந்தது பெரும்பாலும் சில நாளில் அடங்கும். ரத்தமும் சளியும் கலந்து போவது, இரவில் தூக்கத்திலிருந்து எழுப்புவது, வாரம் தாண்டியும் நிற்காதது ஆகியவை பழைய நோய் கிளம்பியதைக் காட்டலாம். ஆனால் டிங்கி முற்றினாலும் ரத்தம் போகும். வீட்டிலிருந்தே ஊகிக்காதீர்கள். மலத்தில் கால்புரோடெக்டின் என்ற புரதத்தின் அளவு குடல் அழற்சியைக் காட்டும். தொற்றிலும் அது ஏறும் என்பதால் கிருமிக்கும் சேர்த்தே சோதிக்க வேண்டும்.

மருந்தை நிறுத்தலாமா?

குடல் அழற்சி நோயாளிகளுக்குக் கோவிட் வந்ததைப் பதிய 2020 மார்ச்சில் தொடங்கிய செக்யூர்-ஐபிடி பன்னாட்டுப் பதிவேட்டில், ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்குக் கோவிட் கடுமையாகும் போக்கு தெரிந்தது. அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப் புரதத்தை அடக்கும் ஊசி போட்டவர்களிடம் அது தெரியவில்லை. இதைக் கேட்டு ஸ்டீராய்டைச் சட்டென்று விட்டுவிடுவதுதான் எனக்குப் பெரிய பயம். நெடுநாள் எடுத்தவருக்கு உடலின் சொந்த ஸ்டீராய்டுச் சுரப்பு அடங்கிக் கிடக்கும். திடீரென நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும். ஊசியைத் தள்ளிப்போடுவதா, நோய் எதிர்ப்பை அடக்கும் அசாதியோப்ரின் மாத்திரையை நிறுத்திவைப்பதா என்பதையும் உங்கள் மருத்துவரே சொல்லட்டும்.

உடல்வலிக்கு

இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக், மெஃபனாமிக் அமிலம் வேண்டாம். இவை குடல் அழற்சியைக் கிளறிவிடலாம்; டிங்கியாக இருந்தால் ரத்தக்கசிவையும் கூட்டும். அளவறிந்து பாரசிட்டமால் போதும். வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரையையும் கேட்காமல் போடாதீர்கள். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தை, அதில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள்.

சிறுநீர் குறைந்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, வயிறு கடுமையாக வலித்தாலோ, ரத்தம் போனாலோ விடியும்வரை காத்திருக்காமல் ஜாசின் அல்லது மூவார் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். சாப்பிடும் மருந்துகளையெல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.