முந்திரி பூக்காத மாதங்கள்: ஜெயங்கொண்டம் வட்டாரத்தில் மகரந்தச்சேர்க்கைப் பூச்சிகளுக்கான பூச்செடி வளர்ப்பு

ஆய்வுச்சுருக்கம்

அரியலூர் மாவட்டத்தின் ஜெயங்கொண்டம், ஆண்டிமடம், செந்துறைப் பகுதிகளின் செம்மண் மேட்டு நிலங்களில் முந்திரி முக்கியமான பயிராகும். அதன் விளைச்சல் பூச்சிகளின் வருகையைச் சார்ந்தது. ஆயின் முந்திரி பூப்பது ஆண்டில் ஏறத்தாழ மூன்று மாதங்களே. எஞ்சிய மாதங்களிலும் பூச்சிகளுக்கு உணவு கிடைக்குமாறு பூக்கும் தாவரங்களைப் பருவ வரிசைப்படி நடுவதே இவ்வட்டாரத்திற்குப் பொருந்தும் வழி என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: முந்திரி, தேனீ, மகரந்தச்சேர்க்கை, பூக்கும் பருவம், வேலிப் பயிர்

முன்னுரை

சங்க இலக்கியம் வண்டு, தும்பி, சுரும்பு, ஞிமிறு எனப் பூவை நாடும் பூச்சிகளைப் பல பெயர்களால் சுட்டுகிறது. தொல்காப்பிய மரபியல் தும்பியை நான்கறிவு உயிர்களுள் வைக்கிறது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 99 பூக்களை நிரல்படுத்துகிறது. பூவையும் வண்டையும் பிரிக்காது கண்ட இம்மரபறிவு இன்றைய வேளாண்மைக்குப் பயன்படும் இடங்களுள் ஒன்று முந்திரித் தோப்பு.

முந்திரிப் பூவின் இயல்பு

பிரேசிலைத் தாயகமாகக் கொண்ட முந்திரி, போர்த்துக்கீசியரால் 16ஆம் நூற்றாண்டில் இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்டது. இதன் ஒரே பூங்கொத்தில் ஆண் பூக்களும் இருபால் பூக்களும் கலந்து மலர்கின்றன. ஆண் பூக்களே மிகுதி; காய்ப்பவை இருபால் பூக்கள் மட்டுமே. மகரந்தம் ஒட்டும் தன்மையுடையதாதலால் காற்றால் எளிதில் பரவுவதில்லை. தேனீ, ஈ, எறும்பு முதலியவை பூவுக்குப் பூ செல்லும்போதே அது சூலகமுடியை அடைகிறது. மரம் நிறையப் பூத்தும் காய் குறைவதற்குப் பூச்சித் தாக்குதல், மழை, பனி ஆகியவற்றோடு மகரந்தச்சேர்க்கைக் குறைபாடும் ஒரு காரணமாகும்.

பூச்சிகளும் அவற்றின் தேவைகளும்

தமிழகத்தில் மலைத்தேனீ, கொம்புத்தேனீ, இந்தியத் தேனீ, கொசுத்தேனீ ஆகியவை இயற்கையாக வாழ்கின்றன. பெட்டிகளில் வளர்க்கப்படும் இத்தாலியத் தேனீ வெளியிலிருந்து வந்தது. இவையன்றித் தனித்து வாழும் தேனீக்களும் பல உள்ளன. கருநிறத் தச்சுத்தேனீ பட்ட மரத்தைத் துளைத்துக் கூடமைக்கிறது. வேறு சில உழப்படாத வெற்றுத் தரையில் வளை தோண்டுகின்றன. கொசுத்தேனீ சுவர் இடுக்கிலும் மரப்பொந்திலும் வாழ்ந்து, சில நூறு மீட்டர் எல்லைக்குள்ளேயே இரை தேடுகிறது.

தேனீப் பெட்டிகளை மட்டும் பெருக்குவது போதிய தீர்வாகாது. 1990களின் தொடக்கத்தில் ‘தாய் சாக்புரூட்’ என்னும் நச்சுயிரி நோய் தென்னிந்தியாவில் இந்தியத் தேனீக் கூட்டங்களைப் பேரளவில் அழித்தது. ஓரினத்தையே நம்பியிருப்பதன் இடரை இந்நிகழ்வு உணர்த்துகிறது. மேலும், உணவு கிடைக்காத காலத்தில் இந்தியத் தேனீக் கூட்டம் பெட்டியை விட்டே வெளியேறிவிடும்.

பூக்களின் பருவ வரிசை

முந்திரி பொதுவாகத் தை முதல் பங்குனி வரை பூக்கிறது. பங்குனி, சித்திரையில் புங்கம், வேம்பு, நாவல் ஆகியவை அவ்விடத்தை நிரப்புகின்றன. வைகாசியை ஒட்டிப் புளி பூக்கிறது. ஆனி முதல் ஆவணி வரையிலான காற்றடி காலமே கடினமானது. அப்போது நிலம் காய்ந்து களைச்செடிகளும் கருகிவிடுகின்றன. கிணற்றடியில் நீர் பெறும் துளசியும், வீட்டோரத்து முருங்கையும் இந்த இடைவெளியைக் குறைக்கும். ஆடிப்பட்டத்தில் விதைக்கும் எள்ளும் சூரியகாந்தியும் அதன் பிற்பகுதியில் பூத்து உதவும். ஐப்பசி, கார்த்திகையில் மழைக்குப் பின் தும்பையும், தொடர்ந்து துவரையும் பூக்கின்றன. இதற்குள் முந்திரி மீண்டும் தளிர்த்துவிடும்.

ஆவாரை தனித்துக் கூறத்தக்கது. அதன் பூ தேன் தருவதில்லை. மகரந்தம் மட்டுமே தருகிறது. அதன் மகரந்தப்பை நுனித்துளை வழியே திறப்பதால், உடலை அதிரச்செய்யும் தச்சுத்தேனீ போன்றவையே மகரந்தத்தை உதிர்த்துக் கொள்கின்றன. கத்தரிப் பூவும் இவ்வகையினதே. எனவே வேலியில் ஆவாரை நிற்பது அருகிலுள்ள கத்தரித் தோட்டத்திற்கும் நலம் பயக்கும்.

அழகுக்காக நடும் பூக்கள் அனைத்தும் பூச்சிகளுக்குப் பயன்படுவதில்லை. அடுக்குச் செம்பருத்தி, அடுக்கு ரோஜா போன்றவற்றில் மகரந்தத் தாள்களே இதழ்களாக மாறிவிடுவதால் உணவு குறைவு. மாறாக, வேண்டாதது எனக் கருதப்படும் சீமைக் கருவேலம் வறண்ட நிலங்களில் தேனீக்களுக்கு முக்கிய உணவாக இருந்து வருகிறது. அதனை அகற்றுவது தேவையே. ஆயின் அகற்றிய இடத்தில் புங்கம், வேம்பு போன்றவற்றை நடாவிடில் அங்குள்ள பூச்சிகளின் உணவும் உடன் அழியும்.

பூச்சிமருந்து என்னும் முரண்

முந்திரியின் பெரும் பகையான தேயிலைக் கொசு, தளிரையும் பூங்கொத்தையும் உறிஞ்சிக் கருகச் செய்கிறது. அதற்கான மருந்துத் தெளிப்பு பூக்கும் பருவத்தையும் உள்ளடக்குகிறது. பயிரைக் காக்கும் அம்மருந்தே காய்ப்புக்கு உதவும் பூச்சியையும் கொல்கிறது என்பதே உழவர் எதிர்கொள்ளும் சிக்கல். தளிர்ப் பருவத்திலேயே தாக்குதலைக் கண்காணித்தல், பூத்தபின் தெளிக்க நேர்ந்தால் தேனீக்கள் கூடு திரும்பிய மாலையில் தெளித்தல், அண்டை வரப்பில் பூத்துள்ள செடிகள்மீது மருந்து படாது காத்தல் ஆகியவை இழப்பைக் குறைக்கும். இவற்றைக் கடைப்பிடிக்காவிடில், பூச்செடி நடுவது பூச்சிகளை நஞ்சுக்கு அழைப்பதாகவே முடியும்.

முடிவுரை

தேனீக்களை ஈர்க்கப் பூச்செடி நடுதல் என்பது தோட்ட அழகோடு முடிவதன்று. ஆண்டு முழுமைக்குமான உணவுத் திட்டமாகும். ஜெயங்கொண்டம் வட்டாரத்தில் எத்தனை செடிகள் நடப்பட்டன என்பதைவிட, எந்த மாதம் பூவின்றிக் கழிகிறது என்பதே முதலில் கேட்கவேண்டிய வினா. வரப்பு, வேலி, ஏரிக்கரை, பள்ளி வளாகம் ஆகியவற்றில் அம்மாதங்களுக்குரிய செடிகளை நட்டு, சிறிதளவு உழாத தரையையும் பட்ட மரத்தையும் விட்டுவைத்தால், தை மாதம் முந்திரி பூக்கும்போது பூச்சிகள் அங்கேயே இருக்கும். ஊர்தோறும் உள்ள தாவரங்களின் பூக்கும் காலத்தைத் தமிழ் மாத முறையில் உழவர்வழித் தொகுப்பது இத்துறையில் அடுத்து மேற்கொள்ளத்தக்க ஆய்வாகும்.