1985-இல் மோனோரயில்

ஸ்ரீ கெம்பாங்கான்காரர்களிடம் ‘அந்தக் காலத்துக் கதை’ என்று ஒரு படத்தைக் காட்டிவிட்டுத் தப்பிப்பது கஷ்டம். இன்று பேரங்காடியும் படகுச் சவாரியுமாக இருக்கும் மைன்ஸ் ஏரி ஒரு காலத்தில் ஈயச் சுரங்கம். 1970களின் கதாநாயகன் அங்கே படகில் போய்ப் பாடினால், விவரம் தெரிந்தவர் சும்மா இருக்கமாட்டார். செர்டாங் பக்கம் கேமராவைத் தூக்கினால் 2023 மார்ச்சில் ஓடத் தொடங்கிய எம்ஆர்டி பாலம் தலைகாட்டும். பிரிக்பீல்ட்ஸ் இன்னும் மோசம்: 2003-இல் வந்த மோனோரயில் தடம், 2015-இல் மோடி வந்து திறந்து வைத்த தோரண வாயில். கார் எண்ணையும் விடமாட்டார்கள். ‘வி’யில் தொடங்கும் கோலாலம்பூர் பலகை நேற்று முளைத்தது என்று சின்னப் பையனுக்கும் தெரியும்.

சீரியஸ் படத்தில் இப்படி நேர்ந்தால் எரிச்சல் வரும். நகைச்சுவைப் படத்துக்குக் கணக்கு வேறு.

ஒரு ஷாட்டில் பாதி கிளாஸ் டீ, அடுத்த ஷாட்டில் விளிம்பு வரை டீ. இதைக் குறித்துவைக்கத்தான் படப்பிடிப்பில் கன்டினியூட்டி பார்க்கும் உதவி இயக்குநர் இருக்கிறார். ஆனால் நகைச்சுவை நடிகர் டேக்குக்கு டேக் புதிதாக ஏதாவது செய்வார். எடிட்டிங் மேசையில் சிரிப்பு வெடிக்கும் டேக்தான் ஜெயிக்கும், கிளாஸ் தோற்கும். ‘அபோகலிப்ஸ் நவ்’ படத்தில் பணியாற்றிய வால்டர் முர்ச், எங்கே வெட்டுவது என்பதற்கு ஆறு அளவுகோல்களைச் சொல்லி மதிப்பெண்ணும் போட்டார். உணர்ச்சிக்கு 51 விழுக்காடு. ஆளும் பொருளும் இருந்த இடத்திலேயே இருக்கிறதா என்பதற்கு வெறும் 4.

தமிழ்ப் படங்களுக்குச் சொந்தமாக ஒரு காரணமும் உண்டு. என்.எஸ். கிருஷ்ணன் காலத்திலிருந்தே காமெடி டிராக்கைத் தனியாக எழுதி, தனியாக எடுத்து, கதையோடு ஒட்டினார்கள். கதாநாயகி வீட்டில் இழவு விழுந்த அடுத்த நிமிடம், அதே ஊரில் காமெடியன் வாழைப்பழத்துக்குச் சண்டை போடுவார். ஒட்டுப் போட்ட இடம் எல்லோருக்கும் தெரியும். யாரும் பணத்தைத் திருப்பிக் கேட்டதில்லை.

தெரியாமல் நுழையும் பிழை ஒரு ரகம். வேண்டுமென்றே வைக்கும் பிழை வேறு ரகம், அதற்குத்தான் அதிக உழைப்பு வேண்டும். சிம்புதேவனின் ‘இம்சை அரசன் 23ம் புலிகேசி’ 2006 ஜூலையில் வந்தது. கதை நடப்பது 1771-இல். சரித்திரத்தில் பேர்போன சாளுக்கியப் புலிகேசி, ஏழாம் நூற்றாண்டில் வாதாபியை ஆண்ட இரண்டாமவர். ‘23’ என்ற எண்ணே ஒரு குறும்பு. வடிவேலுவின் மன்னர் ‘அக்காமாலா’, ‘கப்சி’ என்ற பானங்களுக்குத் தன் நாட்டில் இடம் கொடுக்கிறார். கோக்க கோலா பிறந்ததே 1886-இல்தான். 115 ஆண்டு முன்கூட்டியே அரண்மனைக்குள் வந்துவிட்டது! கிரீடம், மீசை, தர்பார், செந்தமிழ் வசனம் எல்லாம் பழைய ராஜா படத்து அச்சு பிசகாமல் இருப்பதால்தான் நடுவில் வரும் அந்த ஒன்று குத்துகிறது. குளிர்பானங்களில் பூச்சிமருந்து இருப்பதாக டெல்லியின் அறிவியல், சுற்றுச்சூழல் மையம் 2003-இல் சொல்லியிருந்தது. படம் வந்த அடுத்த மாதமே இரண்டாவது அறிக்கையும் வெளியானது. 1771 எந்த ஆண்டைப் பேசுகிறது என்று ரசிகர்களுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

நம்மூர்க்காரர்களுக்கு இந்த வித்தை புதிதல்ல. பி. ராம்லியின் ‘அலி பாபா பூஜாங் லாப்போக்’ 1961-இலேயே அரபுக் கதையை மலாய்க் கம்பத்துக்கு இழுத்து வந்துவிட்டது. திருடர்களின் குகைக் கதவு ஜாவானிய மந்திரத்துக்குத் திறக்கும். கொள்ளைக்கூட்டத் தலைவராக ராம்லியே அதை முகம் கோணாமல் சொல்வார். அந்த முகம் கொஞ்சம் சிரித்திருந்தாலும் காட்சி படுத்திருக்கும்.

சிரிக்க வைக்கும் எண்ணமே இல்லாத படமும் சில சமயம் சிரிப்பு மூட்டிவிடும். 1999-இல் வந்த ஹாலிவுட் திருட்டுப் படம் ‘என்ட்ராப்மென்ட்’, மலாக்கா ஆற்றோரத்துப் பழைய வீடுகளுக்குப் பின்னால் இரட்டைக் கோபுரத்தை ஒட்டவைத்தது. நடுவில் இருக்கும் கிட்டத்தட்ட 150 கிலோமீட்டர் காணாமல் போனது. அன்றைய பிரதமர் மகாதீருக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது.

இங்கே சொற்பக் காசில் நகைச்சுவைப் படம் எடுப்பவர்களுக்குத் தடத்தையும் வாயிலையும் கணினியில் அழிக்கப் பணம் இருக்காது. பாதிப் பேர் கேமராவைத் தாழ்த்தி, சுவரை மட்டும் காட்டிச் சமாளிக்கிறார்கள். அழிக்க முடியாததை வசனத்தில் இழுத்துப் போடலாமே? 1985-இல் ஒருவன் பிரிக்பீல்ட்ஸில் அந்தத் தடத்துக்குக் கீழே பெட்டியோடு நிற்கட்டும். “என்னாண்ணே, ரொம்ப நேரமா நிக்கிறீங்க?” என்று ஒருவர் கேட்கட்டும். “ரயிலு வர இன்னும் 18 வருஷம் ஆகுமாம் தம்பி, எடம் புடிச்சு வைக்கிறேன்.”